முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

இராஜபாளையம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அத்தானுக்கு,

இயேசு சுவாமியின் நாமத்தில் ஜெபா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். உங்கள் அம்மா சுகம். முட்டு வலி மட்டும் இருக்கிறது. என்னைப் பற்றிப் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் காலத்தில் போய் ஒரு கடிதம். என்னோடு வேலை பார்க்கும் சௌதாவின் வீட்டுக்காரர் மஸ்கட் திரும்புகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

பேண்டேஜ் கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. கரண்ட் போனால்தான் உட்காருகிறோம். துணி மடிப்பதில் எனக்குப் பழைய வேகம் இல்லை. என் பங்கில் பாதியை சௌதா தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். சூப்பர்வைசர் ராம்கி பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுகிறார்.

குழந்தை தங்காமல் போன பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது அல்லவா? அதைப் பார்த்ததும் அத்தை அவசரப்பட்டுக் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டார்கள். சகோதரி ஜெபாவுக்குப் பூரண சுகம் கிடைத்ததற்காக என்று பாஸ்டர் ஆராதனையில் வாசித்தார். சபையே வந்து கைகொடுத்தது. நன்றி சொல்லியாகிவிட்டது, இனி மாத்திரை தின்றால் கர்த்தரை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று சொல்லி அத்தை மாத்திரை டப்பாவையும் பீரோ மேல் ஏற்றிவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, உங்களுக்கே தெரியும். நீங்களும் சந்தோஷப்பட்டுக் கிறிஸ்துமஸ் லீவை மே மாதத்துக்குத் தள்ளிவிட்டீர்கள். அதன் பிறகு எனக்கு முடியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

சுகமானவள் போல நடிப்பது பெரிய அலுப்பு, அத்தான். பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. குளிக்கத் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டு அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஜெபம் வராது. காலையில் கண் விழிக்காமல் போனால் போதும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். பயப்படாதீர்கள், இதை நேற்று டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை செட்டியார்பட்டியில் முத்தாத்தாள் அக்கா வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். பாஸ்டரம்மா ஒவ்வொருவரிடமும் ஜெப விண்ணப்பம் கேட்டு வந்தார்கள். மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம் என்று போய்க்கொண்டிருந்தது. என் முறை வந்ததும் ஸ்தோத்திரம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு இன்னும் சுகமாகவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அத்தை முகத்தை நான் பார்க்கவே இல்லை.

பாஸ்டரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தானும் இப்படித்தான் கிடந்ததாகவும், ரொம்ப நாள் மாத்திரை சாப்பிட்டதாகவும், வெட்கப்பட்டு அதைச் சபையில் சொன்னதே இல்லை என்றும் சொன்னார்கள். அந்த மாத்திரையும் கர்த்தர் கொடுத்ததுதான் என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த அழுகை.

அத்தையும் நானும் டவுன் பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்த முட்டு வலியோடு ஸ்டூல் மேல் ஏறி டப்பாவை இறக்கினார்கள். குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது எனக்கு வார்த்தையே வரவில்லை என்றேன். "ஒனக்கு வரலைன்னா விடுட்டி. ஒனக்கும் சேத்து நான் ஜெபிக்கேன், நீ செத்த நேரம் படு" என்றார்கள். அவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். கர்த்தர் நம் வீட்டில்தான் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

நேற்று அத்தையே என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார்கள். என் மாத்திரையை நிறுத்தியது தாம்தான் என்று டாக்டரம்மாவிடம் அத்தையே சொன்னார்கள். பாதியில் நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துவிட்டு, மறுபடி எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஜெபம் பண்ணிவிட்டு முழுங்கலாமா என்று அத்தை கேட்டதற்கு, தாராளமாக என்று சிரித்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று கொஞ்சம் சோறு இறங்கியது, இன்று காலையில் மறுபடியும் பாரம்தான். ஆனால் இன்றைக்குக் கோயிலில் விசாரித்தவர்களிடம், இன்னும் சுகமாகவில்லை, ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்ல முடிந்தது. அதுவே எனக்குப் பெரிய இளைப்பாறுதல்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கர்த்தர் உங்களைப் பத்திரமாக வைத்திருப்பார். லீவை மாற்ற முடியுமா என்று கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். சுகமானவளைப் பார்க்க மே மாதம் போதும். எனக்கு இப்போதே நீங்கள் வேண்டும், அத்தான்.

உங்கள்,
ஜெபா