சந்திரன் ஏன் சிவக்கிறது

செவ்வாய் இரவு, கோப்பாய்.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வானியல் படிப்பிக்கிற பேராசிரியர் நான். போன கிழமை வானொலியில் போன சந்திரகிரகணக் கட்டுரையும் நான் எழுதியது. அதைத் தன் பெயரில் வாசித்தவர் எங்கள் துறைத் தலைவர். மேலிடத்துக்கு எழுதப்போகிறேன் என்று இன்று தெல்லிப்பழையில், மனப்பாரத்தைச் சொல்லி ஆறப் போகிற உளவளத்துணையாளரிடம் சொன்னேன். என் மகள் வயதுப் பெண்.

"எழுதுங்கோ சேர். அதுக்கு முதல், சந்திரன் ஏன் சிவக்குதெண்டு எனக்குச் சொல்லுங்கோ. கிரகணமெண்டால் எங்கடை அம்மா அடுப்பு மூட்டவும் விடமாட்டா."

எரிச்சலோடுதான் தொடங்கினேன். தண்ணீர்ப் போத்தலைப் பூமியாக்கி, மூடியைச் சந்திரனாக்கிச் சுற்றினேன். சந்திரன் பூமியின் நிழலுக்குள் போகிற நேரம் பூமியின் விளிம்பெங்கும் எங்கேயோ விடிகிறது, எங்கேயோ பொழுதுபடுகிறது; அந்தச் சிவப்பெல்லாம் வளைந்துபோய்ச் சந்திரனில் விழுகிறது என்றேன்.

"நேரம் முடிஞ்சுது சேர். அந்த மனுசன்ரை பேர் ஒருக்காக்கூட வரேல்லை."

"மறந்துபோனன்."

"ஓம், நல்லா மறந்துபோனியள்." சிரித்தாள்.

பஸ்ஸில் வரும்போதே அவர் முகம் திரும்ப வந்துவிட்டது. மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதுமில்லை. ஆனால் முறைப்பாடு எழுத உட்கார்ந்தால் கை அந்தப் போத்தலையும் மூடியையுமே எழுதுகிறது. வானொலியில் போனதைவிடத் தெளிவாக இரண்டு பக்கம் வந்துவிட்டது. அம்மாமாருக்கும் விளங்கும். கீழே என் பெயரைப் பெரிதாக எழுதினேன். அவர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன்.

அதனாலேயே பெயரை வெட்டிவிட்டேன். கண் எரிகிறது. காலையில் அந்த இரண்டு பக்கத்தையும் பெயரில்லாமலே பத்திரிகைக்குத் தபாலில் போடுகிறேன்.