சவுண்டல் மரங்களை வெட்டாதீர்கள்: தவறு தழையில் இல்லை

அனுப்புநர்:
ஆடு வளர்ப்பவர்,
பட்டி எண் ஏழு.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
கால்நடைத் துறை அலுவலகம்.

பொருள்: தழைத் தீவன ஆய்வு தோற்றதாகக் கூறி, வரும் திங்கட்கிழமை நாற்பது சவுண்டல் மரங்களை வெட்ட இருப்பதை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் பட்டியை ஒட்டிய அலுவலக நிலத்தில் தாங்கள் நட்டு, நானும் என் நாத்தனாரும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள் அவை. சவுண்டல் தழை தின்றால் ஆடு வேகமாக எடை கூடும், ஏப்பத்தில் வெளிவிடும் மீத்தேன் வாயுவும் குறையும் என்று தாங்களே நேரில் வந்து சொன்னீர்கள். ஏப்பத்தை அளக்கும் பெட்டி வந்து இறங்கியபோது தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைக்கவில்லை.

2. என் இருபத்து நான்கு ஆடுகளில் பாதிக்குச் சிவப்புக் காதுவில்லை, பாதிக்கு மஞ்சள். சிவப்புக்குப் புல்லோடு தழை, மஞ்சளுக்குப் புல் மட்டும். நடுவில் கம்பி வலை. தொண்ணூறாம் நாள் எடை போட்டால் இரு பக்கமும் சராசரி இருபத்தொரு கிலோ. ஏப்பத்தின் அளவிலும் வித்தியாசமில்லை. "தழையால் பயனில்லை" என்று கள ஆய்வாளர் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்.

3. உண்மை என்னவென்றால், இரண்டு பக்கமுமே தழை தின்றன. சிவப்பு வில்லைக்காரர்கள் மென்றுகொண்டிருக்க, மஞ்சள் வில்லைக்காரர்கள் வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு கத்தித் தீர்த்தார்கள். நாலாம் நாள் நாத்தனார் ஒரு கட்டுத் தழையை வலைக்கு மேலாக அந்தப் பக்கம் வீசினார். நான் சத்தம் போட்டேன். "ஒரே பட்டியில பாதிக்கு வச்சிட்டுப் பாதிய ஏங்க விட எனக்குக் கை வரல. நீ வேணா கண்ண மூடிக்கோ" என்றார். பத்தாம் நாள் நானே வீசினேன். கள ஆய்வாளர் வரும் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஒழுங்காக இருந்தோம்.

4. இது குற்றம்தான். எங்களைக் கண்டியுங்கள், திட்டத்திலிருந்து நீக்குங்கள். ஆனால் நாங்கள் செய்ததற்கு மரத்துக்கு ஏன் தண்டனை? பக்கத்துப் பட்டி எண் எட்டில் என் ஆடுகளோடு ஒரே பருவத்தில் பிறந்த ஆடுகள் வெறும் புல்லில் வளர்ந்து பதினேழு கிலோவில் நிற்கின்றன. தழை தொடங்கும் முன் எடுத்த ஏப்ப அளவோடு ஒப்பிட்டால், என் ஆடுகள் அத்தனையும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக விடுகின்றன. அது பருவ மாற்றத்தால் என்றாராம் ஆய்வாளர். பட்டி எட்டின் ஆடுகளுக்கும் அதே வெயில்தானே, ஐயா? அவற்றை ஏன் பெட்டியில் ஏற்றிப் பார்க்கவில்லை?

5. என் ஆடுகளில் பதினொன்று சினையாக இருக்கின்றன. இனி வருவது புல் காயும் மாதங்கள். மரம் போனால் குட்டிகளுக்குத் தாய்மடியில் பால் இருக்காது. எனக்கு வேறு பிழைப்பும் இல்லை. எனவே திங்கட்கிழமை கோடாரியோடு வருபவர்கள், முதல் மரத்தடியில் என்னையும் இரண்டாவதில் என் நாத்தனாரையும் தாண்டித்தான் வெட்ட வேண்டியிருக்கும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. ஆய்வை மறுபடியும் நடத்துங்கள். இம்முறை, எந்தப் பன்னிரண்டு ஆடுகளுக்குத் தழை கூடாதோ அவற்றைத் தங்கள் அலுவலக வளாகத்தில், தங்கள் அறை ஜன்னலுக்குக் கீழே கட்டுங்கள். அவை கத்துவதைத் தொண்ணூறு நாளும் கேட்டுக்கொண்டு, ஒரு கொத்துத் தழைகூடக் கொடுக்காமல் தாங்கள் இருந்துகாட்டுங்கள். அதன் பிறகும் தழையால் பயனில்லை என்று வந்தால், கோடாரியை நானே கொண்டு வருகிறேன்.

நாள்: 14, வெள்ளிக்கிழமை
இடம்: ஆட்டுப்பட்டி

தவறை ஒப்புக்கொண்டும் மரத்தை விட்டுக்கொடுக்காமலும்,
(ஒப்பம்) பட்டி எண் ஏழின் ஆட்டுக்காரி
(கைநாட்டு) முதல் தழைக்கட்டை வீசிய நாத்தனார்