குல்லாய்க்குக் கம்பளி ஆகாது

பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்துட்டு வந்ததும் முதல்ல சாப்பிடுங்க, பெறகு இதைப் படிங்க. சோறும் புளிக்குழம்பும் அடுப்படியில மூடி வச்சிருக்கு. வள்ளியூர் வண்டி இனி வந்திரும், நான் நம்ம மக இன்பமணி வீட்டுக்குப் போறேன். தலைப்பிரசவத்துக்குத்தான் நீங்க அவளை இங்கன வரவிடல. பேரனையாவது கண்ணால பாத்துட்டு வாரேன். இனிச் சண்டை போட எனக்குத் தெம்பில்ல.

நேத்து சாயங்காலம் கம்பளி நூல் பந்தை மேசையில போட்டு, "குல்லாய் பின்ன ஆகுமா?"ன்னு கேட்டீங்க. இந்த வெக்கையில கம்பளி போட்டா பச்சப்பிள்ளைக்குத் தலையெல்லாம் வேர்க்குரு வந்திரும், பருத்தி நூல்தான் தோதுன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். நீங்க சாப்பிடாமலே படுத்துட்டீங்க. இன்னைக்குப் பின்ன உக்காந்தப்பதான் உறைச்சுது. தன் இஷ்டத்துக்குக் கலியாணம் பண்ணிக்கிட்டான்னு மகளை ஒதுக்கின பெறகு, அவளுக்காக நீங்க வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

கம்பளியைத்தான் வேண்டாம்னேன், உங்களை இல்ல.

பருத்தி நூல்லயே குல்லாய் முடிஞ்சுது. விரலெல்லாம் கடுக்குது. ஆட்டுக்குத் தண்ணி வைங்க.

பாக்கியவதி

எழுத மறந்துட்டேன்: உச்சியில குஞ்சம் வைக்கல. அது பிள்ளை தலையில படாது, கம்பளியே இருக்கட்டும். நூல் உங்க மேசையிலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை புறப்படும்போது சாவியைப் பக்கத்து வீட்டு நேசையா அண்ணாச்சிகிட்டக் கொடுத்திருங்க. குல்லாய் ஏன் மொட்டையா இருக்குன்னு இன்பமணி கேட்டா, குஞ்சத்தை அப்பா கொண்டு வாராகன்னுதான் சொல்லப்போறேன்.