பூட்டிய அறையில் ஒரு போன்

செவ்வாய், இரவு. காட்டூர்.

மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் வந்தேன். அரசுப் பணத்தில் ஊராட்சி அலுவலகம் வரை இன்டர்நெட் கேபிள் இழுத்தாயிற்று, பயன்படுத்த ஆளில்லை. இணைப்பை வெட்டலாமா என்று நான்தான் சொல்ல வேண்டும். அலுவலகம் பூட்டியே கிடக்கிறது. ஆனாலும் ஒரு போன் மட்டும் எப்போதும் அந்த இணைப்பில் இருக்கிறது. எவனோ திருடுகிறான் என்று கோபத்தோடு போனேன்.

அலுவலகச் சாவி வைத்திருக்கும் ஊர்க்கார அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். சுவரோரம் ஒரு பழைய போன் சார்ஜில் இருந்தது. பக்கத்தில் இன்று வைத்த மல்லிகை.

"எங்க வீட்டுக்காரரு போன் சார். அவரு தவறி ஒரு வருஷமாச்சு. வீட்ல டவர் இல்ல, அதான் இங்க வெச்சிருக்கேன். மஸ்கட்ல இருக்க பையன் தெனமும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் போடுவான்."

"நீங்க எடுத்துப் படிப்பீங்களா?"

"எப்படி சார்? லாக் எனக்குத் தெரியாது. ஆனா படிச்சாச்சுன்னு அவனுக்கு ப்ளூ டிக் விழுதாம்."

சிரித்து வைத்தேன். போனைக் கையில் எடுத்தபோது மெசேஜ் வந்தது. திரை ஒளிர்ந்து, பூட்டியபடியே அணைந்தது. நான் திரையைத் தொடவே இல்லை. சற்று நேரத்தில் பையன் அந்த அம்மாவின் போனில் கூப்பிட்டான். பேசிவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "அப்பா பார்த்துட்டாராம் சார்."

ஒரு போனுக்காக இவ்வளவு செலவா, வெட்டுங்கள் என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. லைனை வெட்டினால் ப்ளூ டிக் நின்றுவிடும்.

நிற்காவிட்டால்?