பாய்லர் அறைக் கதவைச் சாத்தியவருக்கு

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.
19-11-1959, வியாழன்.

காரைக்காலில் என் சின்னம்மா வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் உத்திராபதி அவர்களுக்கு, தையல்நாயகி எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்டு எழுதக் கை வரவில்லை. புருவம் கருகியதைத் தவிர உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று லாரிக்கார இராமதாஸ் வந்து சொன்னார். நீங்கள் சொல்லி அனுப்பியதையும் சொன்னார். "அது மெக்கானிக் மேலயே போவட்டும், நீ வாயத் தொறக்காத" என்றீர்களாமே? அதைக் கேட்டதும் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையைத் தூக்கி வாசலில் போட்டு உடைத்தேன். பிள்ளைகள் இரண்டும் அன்றைக்குப் பட்டினி. சின்னப்பாப்பா பயந்து மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இதை யாரிடமும் சொல்லி எழுதவில்லை. சொல்லி எழுதுகிற விஷயமா இது? சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்தாம் வகுப்பு இதற்காவது ஆகட்டும்.

உங்கள் தங்கை அஞ்சம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை தோல் இல்லை. வாழை இலையில் படுக்க வைத்திருக்கிறார்கள். இலை மாற்றும்போது அவள் போடும் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரிகள் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். முகத்தில் ஒரு பக்கம் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தால் என்னைப் பார்த்து, யார் காலடிச் சத்தம் கேட்டாலும், "அண்ணனா அண்ணி?" என்கிறாள். ஐயோ, நான் என்ன பதில் சொல்லுவேன்? கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, பஸ் ஓடவில்லை என்று புளுகிக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் அஞ்சம்மாளும் வேலை பார்க்கிற லாண்டரி வெடித்த சத்தம் குப்பம் வரைக்கும் கேட்டது. போன வெள்ளிக்கிழமை காலையில் நான் கூடையில் மீனை அடுக்கிக்கொண்டிருந்தேன். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். கூரை ஓடெல்லாம் தெருவில் கிடந்தது. புகைக்குள்ளிருந்து அந்த மெக்கானிக் மஜீத், ஈரப் படுக்கை விரிப்பில் சுருட்டி அஞ்சம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் இரண்டு கையும் கொப்புளம். நம் ஆட்கள் அதை எங்கே பார்த்தார்கள்? "கேஸு வேல பாக்க வந்தவந்தான் கொளுத்திட்டான்" என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான். சுப்பராயன் மச்சான் துடுப்பால் முதல் அடி போட்டார். கீழே விழுந்தவரை முகத்திலும் வயிற்றிலும் மிதித்தார்கள். "நான் இல்ல, உத்திராபதியக் கேளுங்க" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். உங்கள் பேரைச் சொன்னதற்காக இன்னும் அடித்தார்கள்.

நானும் அடித்தேன். துணி துவைக்கிற கட்டை ஒன்று தெருவில் கிடந்தது. அதை எடுத்து, கும்பிட்ட கையின் மேல் ஓங்கிப் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்ட பிறகும் இன்னொரு அடி போட்டேன். என் நாத்தனாரைக் கொன்றவன் என்று நினைத்தேன். உங்களையும் கொன்றுவிட்டான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் அஞ்சம்மாள் என் காதைக் கிட்டே இழுத்து நடந்ததைச் சொன்னாள். உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் எழுதுகிறேன், உங்கள் கண்ணால் ஒரு தடவை படியுங்கள்.

விறகு போட்டு எரித்த காலத்தில் அந்த பாய்லர் உங்கள் பேச்சைக் கேட்டது. விறகை அடுக்கிவிட்டு நெருப்பு வைத்தே எட்டு வருஷம் பழகிவிட்டீர்கள். முதலாளி பத்ரோன் துரை அதை கேஸுக்கு மாற்றிய பிறகும் உங்கள் கை மாறவில்லை. முதலில் குழாயைத் திறப்பது, பிறகு தீக்குச்சி தேடுவது. அன்றைக்குப் புயல் காற்று புகைபோக்கி வழியாக இறங்கிச் சின்னச் சுடரை அணைத்துக்கொண்டே இருந்தது. குச்சி வேறு நமத்துப்போயிருந்தது. நாலு தடவை பற்றவில்லை. நாலு தடவையும் கேஸ் போய்க்கொண்டே இருந்தது. மஜீத் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குழாயை மூடினார். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தார். "இது பொக மாதிரி மேல போவாதுண்ணே, தண்ணி மாதிரி தரையில கெடக்கும். பழைய சாம்பல் குழியில ரொம்பி நிக்குது. கால் மணி நேரம் யாரும் நெருப்புப் பக்கம் போவாதீங்க. இனிமே முதல்ல நெருப்பக் காட்டணும், அப்புறந்தான் கொழாயத் தொறக்கணும்" என்று உங்களிடம்தானே சொன்னார்? உப்புக் காற்றில் துருவேறி அடைத்திருந்த கேஸ் குழாய் முனையைக் கழற்றிக்கொண்டு, அதன் ஊசித் துளையில் பித்தளைக் கம்பி விட்டுக் குத்துவதற்காகக் கொல்லைப் பக்கம் போனார்.

அந்தக் கால் மணி நேரம் உங்களுக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரித் துணி தேங்கிக் கிடக்கிறது என்று பத்ரோன் கத்தினாராம். வெள்ளிக்கிழமை, கண்ணு பட்டிருக்கிறது, சூடம் காட்டினால் பற்றிக்கொள்ளும் என்றீர்களாம். தினமும் பாய்லர் வாயில் சூடம் காட்டித்தானே வேலை தொடங்குவீர்கள். காற்றில் சூடம் அணைந்து அணைந்து போயிற்று. அதனால் கதவைச் சாத்தினீர்கள். சாத்திவிட்டு, குழி ஓரத்தில் தரையில் வைத்துக் கொளுத்தினீர்கள்.

கும்பிட்டதற்காக நான் உங்களைத் திட்டவில்லை. அந்தக் குழியில் என்ன நிற்கிறது என்று தெரிந்த பிறகு கதவைச் சாத்தினீர்களே, அதற்குத் திட்டுகிறேன். அங்கேயே நின்ற அஞ்சம்மாள் சேலையில் தீப்பிடித்து "அண்ணா" என்று கத்தியபோது ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினீர்களே, அதற்கு உங்களை என்ன சொல்வது என்று எனக்கு வார்த்தை தெரியவில்லை. மீன் சந்தையில் எனக்குத் தெரியாத வசவு கிடையாது. ஒன்றும் பொருந்தவில்லை.

இதையெல்லாம் என்னிடம் சொன்ன அஞ்சம்மாள் இன்ஸ்பெக்டரிடம் என்ன சொன்னாள் தெரியுமா? மெக்கானிக்தான் குச்சி கிழித்தான் என்று சொல்லி, கருகிய விரலால் ரேகை வைத்தாள். ஏன்டி இப்படி என்று கேட்டேன். "அண்ணனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதே அண்ணி" என்றாள். சாகக் கிடப்பவள் சொன்னது என்று கோர்ட்டில் அதைத்தான் நம்புவார்களாம். மஜீத்துக்கு மூன்று பிள்ளைகள். அது அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை நான் மஜீத் கிடக்கிற ஆண்கள் வார்டுக்குப் போனேன். கட்டிலோடு விலங்கு போட்டிருக்கிறார்கள், போலீஸ்காரர் காவலுக்கு நிற்கிறார். வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இனி அந்தக் கையால் திருகாணி பிடிக்க முடியாது. கட்டையால் அடித்தவள் நான்தான் என்று காலைப் பிடித்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "கால் மணி நேரம் பொறுத்திருந்தா போதுமேம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி சலீமா என் தலைமயிரைப் பிடித்து வாசல் வரை இழுத்துக்கொண்டு போய்த் தள்ளினாள். நான் தடுக்கவில்லை. இன்னும் இரண்டு அடி போட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

நேற்று நம் குப்பத்துப் பஞ்சாயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். கட்டினவனைக் காட்டிக்கொடுக்கிற முண்டை என்று உங்கள் பெரியப்பா என் கன்னத்தில் அறைந்தார். காதில் இன்னும் இரைச்சல் நிற்கவில்லை. ராத்திரி வாசலில் கல் விழுந்தது. பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டிருக்கிறேன். நான் இங்கேதான் இருக்கிறேன். எங்கேயும் ஓட மாட்டேன்.

திங்கட்கிழமை மஜீத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கு முன்னால் நீங்கள் வந்து உங்கள் வாயால் சொல்ல வேண்டும். வராவிட்டால் நான் போய்ச் சொல்லுவேன். பெண்டாட்டி சொல்வதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சுப்பராயன் மச்சான் சிரிக்கிறார். எடுத்துக்கொள்ளும் வரைக்கும் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து கத்துவேன். என் தொண்டை உங்களுக்குத் தெரியும்.

உங்களை வெறுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வெறுத்திருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன், நேரே ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன். ஜெயிலில் போட்டால் வாரா வாரம் வருவேன். உங்களுக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்து, உள்ளே விடும்வரை வாசலில் நிற்பேன். எத்தனை வருஷமானாலும் நிற்பேன். ஒளிந்து கிடக்கிறவருக்கு என் வீட்டில் ஒரு பிடி சோறு கிடையாது.

உங்கள் தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை தாண்டாது என்கிறார் டாக்டர். வலியை விட அந்தப் பொய்தான் அஞ்சம்மாளைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. நீங்கள் வந்து, நான் சொல்லிக்கிறேன் தாயி, நீ விடு என்று ஒரு வார்த்தை அவள் காதில் சொன்னால் போதும். மாரியாத்தா உங்களைக் கை பிடித்துக் கூட்டி வரட்டும். இதை இராமதாஸ் கையிலேயே இன்றைக்குக் கொடுத்தனுப்புகிறேன்; காரைக்காலிலிருந்து நாளைக் காலையில் முதல் பஸ் ஐந்து மணிக்காம். நான் பஸ் நிலையத்தில் வந்து நிற்கிறேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும், அப்புறம் ஸ்டேஷனுக்கும் உங்கள் கூடவே நடந்து வருகிறேன்.

உங்கள் மனைவி,
தையல்நாயகி