கையில் மைக், மைக்கில் நடுக்கம்

மார்ச் 4, செவ்வாய்
நீதிமன்ற வாசலில் நேரலை. மைக் ஆடியது, எல்லோருக்கும் தெரியும்படி. காமிராக்காரருக்கு முக்காலி என்று பட்டப்பெயர், அவர் தோளில் வைத்தால் காமிரா அசையவே அசையாது. "அக்கா, குளிருதா?" என்றார். கொளுத்தும் வெயில். மாலையில் செய்தி ஆசிரியர் கூப்பிட்டு, கை சரியாகும்வரை மேசை வேலை என்றார். தெருவிலேயே நின்று பழகியவளுக்கு மேசையா?

மார்ச் 7, வெள்ளி
நடுக்குவாதமோ என்று பயந்து நரம்பு மருத்துவரிடம் போனேன். நடக்கவைத்தார், சுருள் வரையவைத்தார். சும்மா இருந்தால் ஆடாத கை, எதையாவது பிடித்தால் ஆடுகிறது. "இது வேறம்மா. நெறைய பேருக்கு இருக்கு." காரணம்? பரம்பரையாக வரலாம், சிறுமூளைப் பக்கம் கோளாறு இருக்கலாம், முழுசாகத் தெரியாது என்றார். விடாமல் கேட்டேன். "வைத்தியத்துக்கு வந்தீங்களா, பேட்டிக்கா?" காமிரா முன் நிற்கும் நாளில் போட ஒரு மாத்திரை கொடுத்தார். அவருடைய ஸ்கேன் ஆராய்ச்சிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி
அம்மாவிடம் சொன்னேன். "உங்கப்பா டம்ளர்ல பாதிதான் ஊத்தச் சொல்வார். சிக்கனம்னுல்ல நெனச்சேன்!"

மார்ச் 19, புதன்
ஸ்கேன். குழாய்க்குள் படுத்துக் கையைத் தூக்க வேண்டும், நடுங்கும்போது மூளையில் எந்த இடம் விழித்துக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். தூக்கினேன். கல் மாதிரி நின்றது. காத்திருந்தார்கள். கடைசியில் மருத்துவர் மைக்கில் கேட்டார்: "மாத்திரை போட்டுட்டு வந்தீங்களா?"
போட்டிருந்தேன். கூடாது என்று சொல்லியும்! படம் எடுக்கிறார்கள் என்றால் முகத்துக்குப் பவுடர், கைக்கு மாத்திரை — அப்படியே ஊறிப்போன புத்தி. மறுபடி வரச் சொன்னார்கள்.

மார்ச் 26, புதன்
மாத்திரை இல்லாமல் போனேன். கை ஜோராக ஆடியது. "அருமை" என்றார் மருத்துவர். என் கையை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.
இதையே செய்தியாக்கலாம் என்று செய்தி ஆசிரியருக்குப் போன் செய்தேன். மேசையிலிருந்து எழுதித் தாருங்கள் என்றார். கை தெரியாமல் நடுக்கத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "சரி, காமிரா முன்னாடியே நில்லுங்க" என்றார்.
மருத்துவமனை வாசலிலேயே நின்றேன். முக்காலி சட்டையில் குத்தும் மைக்கை நீட்டினார். வேண்டாம், கையிலேயே பிடிக்கிறேன் என்றேன். கையைத்தான் நெருக்கத்தில் எடுத்தார்.

மார்ச் 27, வியாழன்
நேற்றுச் செய்தியில் என்னைப் பார்த்த அம்மா, தலையை ஏன் அப்படி வாரியிருந்தாய் என்று மட்டும் கேட்டாள்.
பதினோரு மணிக்குச் செய்தி ஆசிரியர் மேசைப் பக்கம் வந்தார். துறைமுகத்தில் வேலைநிறுத்தம். "இன்னும் கிளம்பலையா நீங்க?"