வராத கம்ப்யூட்டருக்காக ஒரு சண்டை

மல்லேஸ்வரம், பெங்களூர்
29 மார்ச் 2000

சிரஞ்சீவி அபினவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். உன் இருமல் முழுவதும் நின்றதா என்பதை முதலில் எழுது. மின்னஞ்சலை விட்டுத் தாளில் எழுதுவதைப் பார்த்துப் பயந்துவிடாதே. ஃபோன் லைனில் இன்டர்நெட்டைப் போட்டு உட்கார்ந்தால் கை தானாக அந்த விவாத அரங்குக்குப் போய்விடுகிறது, அப்புறம் கடிதம் எங்கே எழுதுவது. ஆமாம், கல்யாண வீட்டில்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசாத நான்தான், இரண்டு மாதமாக முகம் தெரியாதவர்களோடு கம்ப்யூட்டரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். "கோமளம், உன் வாதம் முடியற வரைக்கும் நம்மாத்து ஃபோன் எங்கேஜ்டுதான்னு எல்லாருக்கும் கார்டு போட்டுடட்டுமா?" என்று அப்பா கேட்டுவிட்டார்.

எங்கள் கல்லூரிப் புள்ளியியல் துறைக்கு இந்த வருஷம் எட்டு கம்ப்யூட்டர் வாங்க மானியம் வந்தது. சக ஆசிரியர் ஸ்ரீகண்டன் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். பழையதைவிட இரண்டு மடங்கு வேகம் என்று ஒரு வரைபடம்; குட்டையாக ஒரு பட்டை, நெட்டையாக ஒரு பட்டை. உற்றுப் பார்த்தால் அளவு பூஜ்யத்தில் தொடங்காமல் தொண்ணூற்றில் தொடங்குகிறது; கொஞ்ச வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. முதல் வருஷப் பெண்கள் செய்தால் நான் மார்க் குறைக்கிற தப்பு. அதை வாங்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். அரங்கில் போய், அதை வாங்குகிறவர்கள் ஏமாளிகள், பிப்ரவரியில் இன்னொரு கம்பெனியின் புதுசு வருகிறது, காத்திருங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஒருவன் "போய்ப் பாடத்தைப் படி தம்பி" என்று பதில் போட்டான். இந்த வயதில் அது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிப்ரவரி ஏப்ரல் ஆயிற்று, ஏப்ரல் "இந்த வருஷத்துக்குள்" ஆயிற்று. மானியமோ மார்ச்சுக்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும். அடுத்த வருஷமும் ஒரே கம்ப்யூட்டரை இருபது பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஸ்ரீகண்டன் கோபப்படவே இல்லை. "ஹௌது, ஆமா மேடம், நீங்க சொல்ற கம்ப்யூட்டர்ல ஒரு பொய்யும் இல்ல. கம்ப்யூட்டரே இல்லியே!" என்றார். கடையில் இருப்பதையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள், கடைக்கே வராததைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறேன். அன்றே அந்த விளம்பரக் கம்ப்யூட்டருக்கே கையெழுத்துப் போட்டேன். நேற்று எட்டும் வந்து இறங்கின. ராதா என்ற மாணவி ஒரு கணக்கை ஓடவிட்டு "எவ்ளோ ஃபாஸ்ட்டு மேடம்!" என்று குதித்தாள். எதோடு ஒப்பிட்டு என்று கேட்கப் போன வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, நான் சொன்னது தப்பு என்று அரங்கில் எழுதினேன். உடனே யாரோ செப்டம்பரில் வரப்போகும் ஒன்றைப் பற்றி எழுத, நானும் பதிலுக்கு நாலு வரி அடித்துவிட்டேன். அப்பா ஃபோன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நீண்ட ஆயுளோடு எல்லா நலனும் பெற்றிருக்க எங்கள் இருவரின் ஆசிகள். ஒன்று மறக்காதே: கோடைக்கு வரலாம், தீபாவளிக்கு வரலாம் என்று இனிமேல் எழுதாதே, டிக்கெட் வாங்கிய பிறகு எழுது. அறிவிப்பைப் பார்த்தாலே நான் நம்பிக் காத்திருந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோமளம்